விட்டுப்போன பாடம்

எல்லோருக்கும் வணக்கம்.

மாணவ மாணவிகளே, உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால் மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: நன்றாகப் படியுங்கள், பெரிய ஆளாக வரலாம். இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். படிப்பு நல்லது என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் எத்தனையோ பேருடைய படிப்பு ஏன் பாதியில் நிற்கிறது? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வகுப்பறையில் நான் பார்த்தவரை, 'நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன்' என்று ஒரே நாளில் முடிவெடுத்து நின்றவர்கள் குறைவு. பெரும்பாலும் அது சின்னதாகத்தான் தொடங்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். அல்லது சம்பாதிக்கிறவருக்கு வேலை போய்விடும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. பத்து நாள், பதினைந்து நாள் பள்ளிக்கு வர முடியாது. அப்புறம் ஒரு நாள் திரும்பி வருவார்கள். அந்த நாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எல்லோரும் நோட்டைத் திறப்பார்கள். பக்கத்தில் இருப்பவனுடைய நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து. இவன் நோட்டில் கடைசியாக எழுதிய தலைப்பு அப்படியே நிற்கும், அதற்குக் கீழே வெள்ளைத்தாள். ஆசிரியர் 'நேற்று பார்த்தோமே' என்று ஆரம்பிப்பார். அந்த நேற்றில் இவன் இல்லை. 'புரிகிறதா?' என்று கேட்டதும் எல்லோரும் தலையாட்டுவார்கள், இவனும் ஆட்டுவான். என் கவலையெல்லாம் அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான். அன்று 'எனக்குப் புரியவில்லை சார்' என்று சொல்லாத ஒன்று, அடுத்த வாரம் சொல்லவே முடியாததாக ஆகிவிடுகிறது. பிறகு தேர்வு வரும். அன்றைக்கு வயிற்றுவலி வரும். மதிப்பெண் வரும் நாளில் தலைவலி. அடுத்த பருவத்தில் இவன் பெயரைக் கூப்பிட்டால் 'வரல சார்' என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான்.

வீட்டில் வந்த கஷ்டம் பதினைந்து நாளில் தீர்ந்திருக்கும். வெட்கம் தீரவில்லை. பல பிள்ளைகளைப் படிப்பிலிருந்து வெளியே தள்ளியது இந்த வெட்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன், மனதுக்குள் போட்டுப் பாருங்கள். ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டினால் 7 வருகிறது. அந்த எண் எது?

சிலருக்கு இதற்குள் விடை வந்திருக்கும், 12. வராதவர்கள், தயவுசெய்து 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டாதீர்கள். உங்களுக்கு எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டத் தெரிந்தால் பன்னிரண்டில் ஏழு என்று வரும். ஓர் எண்ணின் பன்னிரண்டில் ஏழு பங்கு 7 என்றால் அந்த எண் 12. இயற்கணிதம் என்று பயந்தீர்களே, அதில் உங்களைத் தடுத்தது பின்னக் கூட்டல். அது சிறிய வகுப்பில் நடத்திய பாடம். அந்த வாரம் உங்களுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். அன்று விட்டுப்போன ஒன்று, நாலைந்து வருடம் கழித்து 'நான் மக்கு' என்ற முடிவாக உங்கள் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படியில் நாலாவது படி உடைந்திருந்தால், மேலே போக முடியாதவனுடைய காலைக் குறை சொல்வோமா? அந்தப் படியைச் சரிசெய்ய ஒரு வாரம் போதும். அதற்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும். கஷ்டம் அந்த எடுப்பதில்தான் இருக்கிறது.

மேரி கியூரியின் பெயர் உங்களுக்குத் தெரியும். 1903-இல் இயற்பியலுக்கும் 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றவர். ரேடியத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள், நான் அதற்கு முந்தைய வருடங்களைச் சொல்கிறேன். போலந்தின் வார்சாவில் 1867-இல் பிறந்தார். பத்து வயதில் அம்மா காசநோயில் இறந்துபோனார். 15 வயதில் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்தோடு முடித்தார். அதற்கு மேல் வழி இல்லை. அன்று வார்சா ரஷ்ய ஆட்சியில் இருந்தது, அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். வெளிநாடு போய்ப் படிக்க வீட்டில் பணம் இல்லை. அவரும் அக்கா புரோன்யாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் அக்கா பாரிஸ் போய் மருத்துவம் படிப்பது, தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது, பிறகு அக்கா தங்கைக்கு உதவுவது. அதன்படி தங்கை ஒரு பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். பகலில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பாடம், இரவில் தன்னுடைய பாடம்.

பாரிஸ் போய்ச் சேர்ந்தது 1891-இல். அதாவது பள்ளி முடித்து எட்டு வருடம் கழித்து! அங்கே போன பிறகுதான் தெரிந்தது, கணக்கிலும் பிரெஞ்சு மொழியிலும் சக மாணவர்களைவிடத் தான் பின்தங்கியிருப்பது. உட்கார்ந்து அடிப்படையிலிருந்து ஈடுகட்டினார். 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலாவதாக வந்தார். அடுத்த வருடம் கணிதத்தில் இரண்டாவது. இவ்வளவு பெரிய மேதைக்கும் விட்டுப்போன பாடங்கள் இருந்தன, எட்டு வருட இடைவெளி இருந்தது. உங்களுக்கு ஓர் ஆண்டு போய்விட்டது என்றால் அது போய்விட்ட ஓர் ஆண்டு மட்டுமே.

'என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவது?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கென்யாவில் கிமானி மாருகே என்று ஒருவர் இருந்தார். 2003-இல் அந்த நாட்டு அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. 2004 ஜனவரியில் மாருகே முதல் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 84. சீருடை போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளைகள் வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றார். அவருக்குப் படிக்கும் ஆசை 84 வயதில் புதிதாக முளைத்திருக்காது. கட்டணம் போனது, கதவு திறந்தது, அவர் உள்ளே வந்தார்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேடைகளில் வறுமையை ஒரு வரம் போலப் பேசுகிறார்கள். கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வர முடியும் என்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பசி யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்ததில்லை. பசியோடு இருப்பவனுக்குக் கரும்பலகை எழுத்து மங்கலாகத்தான் தெரியும். உலகம் முழுவதும் இன்று 25 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. அத்தனை பேரும் சோம்பேறிகளா? 1948-இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவிலேயே கல்வி ஒவ்வொருவருக்கும் உரிமை என்று எழுதிவிட்டார்கள். கட்டணம் கட்ட முடியவில்லை, வீட்டில் அடிக்கிறார்கள், வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்றால், அதையெல்லாம் நீங்கள் தனியாக, மன உறுதியால் மட்டும் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று யாரும் உங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது பெரியவர்களின் பொறுப்பு. உங்கள் பங்கு வாயைத் திறந்து ஒருவரிடமாவது சொல்வது. ஒருவர் காது கொடுக்கவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல்லுங்கள்.

மைக்கேல் ஃபாரடே என்ற அறிவியலாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லர் மகன். 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் படிக்க விட்டவர் கடை முதலாளி. 1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற புகழ்பெற்ற வேதியியலாளரின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தவர் அந்தக் கடைக்கு வந்துபோன ஒரு வாடிக்கையாளர். ஃபாரடே அங்கே எடுத்த குறிப்புகளைத் தெளிவாக எழுதி, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருடம் டேவியின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவர் உழைப்பும் இருந்தது, கை கொடுத்த இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள்.

சரி, இத்தனை பாடுபட்டுப் படிப்பதால் என்ன கிடைக்கும்? வேலை கிடைக்கும், சம்பளம் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. அதைவிட அடிப்படையான ஒன்றை ஃபிரெடெரிக் டக்ளஸின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்ய அனுப்பினார்கள். அந்த வீட்டு அம்மா அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவருக்குத் தெரிந்ததும் தடுத்துவிட்டார். படிக்கத் தெரிந்தவன் அடிமையாக இருக்க லாயக்கில்லாதவன் ஆகிவிடுவான் என்பது அவர் சொன்ன காரணம். சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எதைக் கொடுக்க இவ்வளவு பயப்படுகிறார்களோ அதைத்தான் அடைய வேண்டும் என்று அன்றே புரிந்துகொண்டான்.

அதன் பிறகு அவன் செய்ததைக் கேளுங்கள். வெளியே போகும்போது வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துப்போவான். தெருவில் பசியோடு இருக்கும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு அதைக் கொடுத்து, பதிலுக்குப் படிக்கக் கற்றுக்கொள்வான். கப்பல் கட்டும் இடத்தில் தச்சர்கள் மரத்துண்டு ஒவ்வொன்றிலும் அது கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்று ஓர் எழுத்தால் குறித்து வைப்பார்கள். இடப்பக்கத்துக்கு 'எல்', வலப்பக்கத்துக்கு 'எஸ்'. அதைப் பார்த்துப் பார்த்துச் சில எழுத்துகளை எழுதப் பழகினான். பிறகு தெருப் பையன்களிடம் போய், 'உன்னைப்போல எனக்கும் எழுதத் தெரியும்' என்பான். 'எங்கே, எழுது பார்ப்போம்' என்பார்கள். தனக்குத் தெரிந்ததை எழுதிக் காட்டி, 'இதைவிட நீ எழுது' என்பான். அவர்கள் வீம்புக்கு எழுதிக் காட்டும் புதிய எழுத்தை அப்படியே பிடித்துக்கொள்வான். வேலி, சுவர், நடைபாதை எல்லாம் அவனுக்கு நோட்டு. 1838-இல் தப்பிப்போனார். அந்த நாட்டின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவரானார், பத்திரிகை நடத்தினார், லிங்கனை நேரில் சந்தித்துத் தம் மக்களுக்காக வாதாடினார்.

உங்களை யாரும் சட்டப்படி அடிமையாக வைத்திருக்கவில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவரை ஏமாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'மாதம் 5 சதவீதம்தான் வட்டி' என்று ஒருவர் சொல்கிறார். கேட்க லேசாக இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர் அது ஆண்டுக்கு 60 சதவீதம் என்று உடனே பார்த்துவிடுவார். வட்டிக்கு வட்டி போட்டால், எதுவும் கட்டாதவருடைய கடன் பதினைந்தாவது மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் என்ன இருக்கிறது, மருந்துப் புட்டியில் எத்தனை வேளை என்று எழுதியிருக்கிறது, உங்கள் சம்பளத்தில் எதற்குப் பிடித்தம் செய்தார்கள், இதையெல்லாம் இன்னொருவரைக் கேட்காமல் நீங்களே பார்த்துக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய பலம் என்று, அது இல்லாதவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களில் சிலருக்கு வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டியிருப்பீர்கள்.

படிக்கும் முறை பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், வேலையும் படிப்பும் சேர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது உதவும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஆகவே கிடைப்பது அரைமணி நேரம்தான் என்றால், பத்து நிமிடம் வாசியுங்கள், மீதி நேரம் மூடி வைத்து எழுதிப் பாருங்கள். தூக்கத்தை விடாதீர்கள், உங்கள் வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். இரவு முழுக்க விழித்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பல நாள் கழித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் 'இத்தனை நாள் எங்கே போனாய்?' என்று கேட்காதீர்கள். காரணத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். 'வந்துவிட்டாயா, நல்லது. எந்தப் பாடம் வரை இருந்தாய்?' என்று கேட்டால், அந்தப் பிள்ளை நாளையும் வரும். பக்கத்தில் உட்காரும் நண்பர்களே, உங்கள் நோட்டை அவன் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே நகர்த்தி வையுங்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் நான் உடனே கிளம்பவில்லை, அந்தப் பக்கத்து அறையில் ஒரு மணி நேரம் இருப்பேன். உங்கள் ஆசிரியர்களில் சிலரும் என்னோடு இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். பள்ளியை விட்டு நின்றுவிட்ட அண்ணனோ அக்காவோ தோழியோ இருந்தால், அவர்களுக்காகவும் எழுதிக்கொண்டு வரலாம்.