கேரி கோல்மன் சம்பாதிச்ச பணம் எங்க போச்சு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன பதிவுல குழந்தை நட்சத்திரங்களைப் பத்திப் பேசும்போது அமெரிக்க டிவி நடிகர் கேரி கோல்மன் பேரை ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு ஈரோட்டுல இருந்து ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "ஐயா, அந்தக் கன்னம் உப்பின பையனோட காட்சியை இப்பவும் ஃபோன்ல பார்க்கிறோம். ஒரு எபிசோடுக்கு லட்சம் டாலர் வாங்கினவர் பின்னாடி செக்யூரிட்டி வேலைக்குப் போனாராமே, ஏன்? அவர் தத்துப் பிள்ளை, அதனாலதான் வளர்த்தவங்க பணத்தை எடுத்துக்கிட்டாங்கன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. உண்மையா?"

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்மா. அதைப் படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதைப் பார்க்கிறவங்கள்ல தத்தெடுத்து வளர்க்கிறவங்களும் இருப்பாங்க. "பெத்தவளா இருந்தா இப்படிப் பண்ணுவாளா"ன்னு ஊர்ல சுலபமா சொல்லிடுவாங்க. பெத்தவங்களும் பண்ணியிருக்காங்க. ஜாக்கி கூகன்னு ஒருத்தர். 1921ல வந்த சார்லி சாப்ளின் படம் 'தி கிட்'ல, பெரிய தொப்பியும் கிழிஞ்ச பேன்ட்டுமா வருவானே, அந்தப் பொடியன். சின்ன வயசுலயே 30, 40 லட்சம் டாலர் சம்பாதிச்சதா கணக்கு சொல்றாங்க. 1935ல அப்பா கார் விபத்துல இறந்துட்டாரு. அம்மா மறுமணம் பண்ணிக்கிட்டாங்க. பையனுக்கு 21 வயசாச்சு, என் பணம் எங்கம்மான்னு கேட்டாரு. உனக்குன்னு ஒண்ணும் கிடையாதுன்னுட்டாங்க. சொல்றது பெத்த அம்மா. 1938ல வழக்கு போட்டாரு. செலவெல்லாம் போக கைக்கு வந்தது 1,26,000 டாலர்.

எப்படிங்க அந்தம்மாவால அவ்வளவு தைரியமா சொல்ல முடிஞ்சுது? ஏன்னா சட்டம் அவங்க பக்கம் இருந்துச்சு. அன்னிக்குக் கலிபோர்னியாவுல மைனர் பிள்ளை சம்பாதிச்சா அது பெத்தவங்களுக்குச் சேர வேண்டிய பணம். பண்ணையில அப்பாகூட வேலை பார்க்கிற பையனுக்குன்னு யோசிச்ச விஷயத்தை, கோடீஸ்வரக் குழந்தைக்கும் அப்படியே வச்சிருந்தாங்க. கூகன் வழக்குக்கு அப்புறம் 1939ல ஒரு சட்டம் வந்துச்சு. கூகன் சட்டம்னே பேரு. பிள்ளையோட வருமானத்துல ஒரு பங்கை ஒதுக்கி வைக்கணும்னு சொன்னாங்க. ஆனா அதுல ஓட்டை நிறைய. கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கின ஒப்பந்தத்துக்குத்தான் அது செல்லும். ஒதுக்கின பங்கு போக மீதி யாருதுங்கறதும் மாறல. குழந்தை நடிச்ச பணம் குழந்தைக்கே சொந்தம், 15 சதவீதம் கட்டாயம் தனிக் கணக்குல போடணும்னு திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2000ஆவது வருஷம் ஜனவரியிலதான். கேரி கோல்மன் டிவியில உச்சத்துல இருந்தது 1978ல இருந்து 1986 வரைக்கும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு.

இப்ப அவர் கதைக்கு வரேன். 1968 பிப்ரவரி 8, இல்லினாய்ஸ் மாநிலத்துல, சிகாகோவுக்கு வடக்கே சயான்னு ஒரு சின்ன ஊர்ல பிறந்தாரு. கைக்குழந்தையா இருக்கும்போதே தத்தெடுத்துட்டாங்க. வளர்ப்பு அப்பா சரக்கு தூக்கி வைக்கிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுறவரு, அம்மா நர்ஸ். குழந்தைக்கு சிறுநீரகத்துல கோளாறு. அதுல இருக்கிற நுண்ணிய வடிகட்டிகள்ல தழும்பு விழுந்துக்கிட்டே போற நோய். அஞ்சு வயசுல, 1973ல, முதல் மாற்று சிறுநீரகம் வச்சாங்க. 16 வயசுல, 1984ல, ரெண்டாவது. ரெண்டும் நிலைக்கல. பின்னாடி டயாலிசிஸ்லயே காலம் ஓடுச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும். அவர் ஏன் அவ்வளவு குள்ளமா இருந்தாருன்னு நிறைய பேருக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் நாலடி எட்டங்குலம்தான், 142 சென்டிமீட்டர். சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைக்கு ரத்தத்துல அமிலம் ஏறும், எலும்புக்கு வேண்டிய சத்து சரியா சேராது, வளர்ச்சி ஹார்மோன் உடம்புல இருந்தும் சரியா வேலை செய்யாது. மாத்தி வச்ச சிறுநீரகத்தை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு ஸ்டீராய்டு கொடுப்பாங்க, அதுவும் வளர்ச்சியை அமுக்கும். கன்னம் அப்படி உப்பி இருக்கிறதும் ஸ்டீராய்டு எடுக்கிற பிள்ளைங்ககிட்ட பார்க்கிறதுதான். சிறுநீரக நோய் உள்ள குழந்தைங்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம்னு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1993ல. அப்ப அவருக்கு 25 வயசு. ஆக, ஊரே கொஞ்சின அந்த உயரமும் அந்த முகமும் நோயோட அடையாளம். எனக்கு இது தெரிஞ்ச நாள்ல இருந்து அந்தக் காட்சிகளைப் பார்த்தா சிரிப்பு வரமாட்டேங்குது.

எங்க சித்தப்பா ஆறு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தாரு. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வீட்டுக்கு வந்தா அன்னிக்கு முழுக்க எழுந்திரிக்க முடியாது. தண்ணியை டம்ளர்ல அளந்து கொடுப்போம். "இன்னும் ஒரு வாய் கொடுடா"ன்னு கேட்பாரு, கொடுக்க முடியாது. அந்த வயசான மனுஷனே துவண்டு போனாரு. இந்தப் பையன் அதே நோயை வச்சுக்கிட்டு, ஸ்டுடியோவுல ஜனங்க முன்னாடி நின்னு, நேரம் தவறாம வசனம் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிருக்காரு.

'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்'தான் அந்தத் தொடர். 1978ல என்பிசி சேனல்ல ஆரம்பிச்சுது, கடைசி வருஷம் ஏபிசி சேனல்ல வந்துச்சு. மொத்தம் 189 எபிசோடு. நியூயார்க் ஹார்லெம் பகுதியில இருந்து ரெண்டு கறுப்பினப் பையன்கள். அவங்க அம்மா ஒரு பணக்கார வெள்ளைக்காரர் வீட்டுல வேலை பார்த்தவங்க. அந்தம்மா இறந்துபோறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டபடி அவர் ரெண்டு பேரையும் தன் பிள்ளையா ஏத்துக்கிறாரு. தத்துப் பிள்ளைங்கதான் கதையே. நிஜத்துலயும் தத்துப் பிள்ளையான கேரிதான் சின்னவன் ஆர்னால்டு. ஆரம்பிக்கும்போது அவருக்கு 10 வயசு, வேஷத்துக்கு எட்டு. "என்ன பேசறே நீ, வில்லிஸ்?"ங்கற மாதிரி அண்ணனைப் பார்த்து ஒரு வசனம், கண்ணைச் சுருக்கிக்கிட்டு சொல்லுவாரு. நாடே திருப்பிச் சொல்லுச்சு. 1983ல அமெரிக்க அதிபர் ரீகனோட மனைவி நான்சி ரீகனே தொடர்ல வந்து நடிச்சாங்க, போதைப்பொருள் விழிப்புணர்வுக்காக. அவ்வளவு செல்வாக்கு. உச்சத்துல ஒரு எபிசோடுக்கு லட்சம் டாலர் வரைக்கும் வாங்கினாருங்கறது சரிதான்.

ஆனா வருஷம் ஏற ஏற அவர் உள்ளுக்குள்ள வளர்றாரு, வேஷம் வளரல. 1986ல தொடர் முடியும்போது அவருக்கு 18. அந்த வயசுலயும் குட்டிப் பையனாத்தான் நிக்கணும். வீட்டுச் செலவு, மேனேஜர், வக்கீல், கணக்குப் பார்க்கிறவர், தொடர்ல வேலை செய்யற அத்தனை பேர் சம்பளம், எல்லாத்துக்கும் அச்சாணி அந்தப் பிள்ளை. அவன் "எனக்கு முடியல, போதும்"னு சொன்னா யாருக்கு நஷ்டமோ, அவங்ககிட்டயேதான் முடிவெடுக்கற அதிகாரமும் இருந்துச்சு. என்னைக் கேட்டா, பணம் போனதைவிட இதுதான் பெரிய அநியாயம்.

பணத்துக்கு வரேன். 1989ல, 21 வயசுல, வளர்ப்புப் பெற்றோர் மேலயும் பணத்தை நிர்வாகம் பண்ணின ஆலோசகர் மேலயும் வழக்கு போட்டாரு. தன் பேர்ல இருந்த டிரஸ்ட் நிதியை முறைகேடா எடுத்துட்டாங்கன்னு 38 லட்சம் டாலர் கேட்டாரு. 1993ல 12,80,000 டாலர் கொடுக்கணும்னு தீர்ப்பு ஆச்சு. கேட்டதுல மூணுல ஒரு பங்கு. அவர் பேர்லயும் தப்பு இல்லாம இல்ல. கடற்கரை ஓரமா மெரினா டெல் ரேயில தன் பேர்லயே வீடியோ கேம் கடை திறந்து 2 லட்சம் டாலர் விட்டிருக்காரு. ஆனா பத்து வயசுல இருந்து மத்தவங்க கையில பணம் இருந்த பிள்ளைக்கு, பணத்தைப் பிடிச்சு வைக்க யாருங்க சொல்லிக் கொடுத்திருப்பாங்க? 1999 ஆகஸ்ட்ல திவால் மனு கொடுத்தாரு. அதே வருஷம் மே மாசம்தான் தொடர்ல அக்காவா நடிச்ச டேனா பிளேட்டோ மருந்து அளவு மீறினதுல இறந்துட்டாங்க. 34 வயசு. அண்ணனா நடிச்ச டாட் பிரிட்ஜஸும் போதைப் பழக்கம், வழக்குன்னு கஷ்டப்பட்டு, பின்னாடி அதுல இருந்து மீண்டு வந்தாரு.

செக்யூரிட்டி வேலை. இதைத்தான் எல்லாரும் பரிதாபமா, சில பேர் கேலியா சொல்றாங்க. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு ஷாப்பிங் மாலுல காவல் வேலை பார்த்தாரு. உழைச்சுச் சாப்பிடறதுல எந்தக் கேவலமும் இல்லம்மா. அவரைக் காயப்படுத்தினது வேற. 1998ல வேலைக்குத் தேவையான குண்டு துளைக்காத உடுப்பு வாங்க ஒரு கடைக்குப் போனாரு. அங்க ஒரு பெண் கையெழுத்து கேட்க, பேச்சு முத்தி, அவர் நடிப்பு வாழ்க்கையை அந்தப் பெண் கேலி பண்ண, இவர் குத்திட்டாரு. வழக்காச்சு. அவர் எதிர்த்து வாதாடல, தண்டனையை நிறுத்தி வச்சு, ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கச் சொன்னாங்க. கை ஓங்கினது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அந்தச் செய்தியை வச்சு ஊரே பல வருஷம் சிரிச்சுது. 2003ல நியூயார்க் பிராட்வேயில ஒரு இசை நாடகம், அதுல அவர் பேர்லயே ஒரு பாத்திரம், பழைய புகழை இழந்துட்டு ஒரு கட்டடத்தைப் பராமரிக்கிற ஆளா. உயிரோட இருக்கிற மனுஷன். அவருக்கு அது பிடிக்கவே இல்ல.

அதே 2003ல பதவியில இருக்கிற கலிபோர்னியா ஆளுநரை ஓட்டுப் போட்டு இறக்கற தேர்தல் நடந்துச்சு. ஒரு வாரப் பத்திரிகை 3,500 டாலர் கட்டி இவரை நிறுத்திச்சு. 135 பேர் நின்னாங்க, ஜெயிச்சது ஆர்னால்டு ஸ்வார்ஸ்னெகர். இவர் 14,242 ஓட்டு வாங்கி எட்டாவது இடம்.

2005ல யூட்டா மாநிலத்துல சான்டாக்வின்னு ஒரு சின்ன ஊருக்குக் குடிபோயிட்டாரு. அங்க படப்பிடிப்புல பழக்கமான பெண்ணை 2007ல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அடுத்த வருஷமே விவாகரத்து. 2009ல இதய அறுவை சிகிச்சை. 2010 மே 26, வீட்டுல விழுந்து தலையில அடிபட்டு மண்டையோட்டுக்குள்ள ரத்தக் கசிவு. ரெண்டு நாள் கழிச்சு, மே 28, பிரோவோ ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. 42 வயசு. அவர் சொத்து யாருக்குங்கறதுக்கும் கோர்ட்டுக்குப் போனாங்க.

சகோதரி இன்னொண்ணும் கேட்டிருந்தாங்க, அவங்க பொண்ணை ஒரு டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிடறாங்களாம். நம்ம நாட்டுலயும் 2017ல விதி வந்திருக்கும்மா. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல குழந்தையை வேலை வாங்கக் கூடாது, மூணு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம வைக்கக் கூடாது. தயாரிக்கிறவங்க மாவட்ட மாஜிஸ்திரேட்கிட்ட அனுமதி வாங்கணும். வருமானத்துல 20 சதவீதமாவது குழந்தை பேர்ல தேசியமயமாக்கப்பட்ட வங்கியில வைப்புத் தொகையா போடணும். அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. வீட்டுல பிள்ளைங்களை வச்சு வீடியோ போடறவங்களும் கேட்டுக்கங்க. அந்த மாதிரி பிள்ளைங்களுக்கும் பங்கு ஒதுக்கணும்னு அமெரிக்காவுல முதல்ல சட்டம் போட்ட மாநிலம் இல்லினாய்ஸ். 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்துச்சு. கேரி பிறந்த மாநிலம்.

அவரைப் பத்தி யாரும் அதிகம் பேசாத ஒண்ணைச் சொல்லி முடிச்சுக்கறேன். அவருக்கு ரயில்னா உசிரு. சின்னப் பிள்ளையில சயான்ல இருந்து சிகாகோவுக்கு ரயில்ல போய் வந்தப்போ ஒட்டிக்கிட்ட ஆசை. பெரியவரானதும் குடியிருந்த வீடுகள்ல தண்டவாளம் போட்டு, பொம்மை ரயில் ஓட்டியிருக்காரு. டென்வர், டூசான், கலிபோர்னியான்னு பல இடத்துல பொம்மை ரயில் விக்கிற கடைகள்ல பகுதி நேர வேலைக்கும் போயிருக்காரு. அதையும் "பழைய நட்சத்திரம் கடையில வேலை பார்க்கிறார்"னு பரிதாபப்பட்டுத்தான் எழுதினாங்க. அந்த ரயில்களுக்குப் பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டு அவரே தேடிப் போன வேலைங்க அது.