வீட்டுக்கு நடந்த புலி: பன்னா காடு மீண்ட கதை

[காட்சி: அதிகாலைப் பனி. கேன் ஆற்றங்கரை. திரையில் எழுத்து: பன்னா, மத்தியப் பிரதேசம், 2009 நவம்பர்]

ஒரு புலியின் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டியிருக்கிறது. அதிலிருந்து வரும் சிக்னல் தெற்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. காப்பகத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. வயல்கள், ஊர்கள், சாலைகள் எல்லாவற்றையும் கடந்து போகிறது. பன்னாவில் அன்றைக்கு இருந்த ஒரே ஆண்புலி அதுதான். பெயர் டி-3. வேறு காட்டிலிருந்து கொண்டுவந்து திறந்துவிட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அது எங்கே போகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், பன்னாவில் ஏன் ஒரே ஒரு ஆண்புலி?

[காட்சி: வரைபடம். பன்னா காப்பகம் பச்சை நிறத்தில்]

பன்னா 1994-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. 1996 முதல் ரகு சுந்தாவத் என்ற ஆய்வாளர் இங்கே புலிகளுக்கு ரேடியோ காலர் மாட்டி ஆராய்ந்து வந்தார். தான் பின்தொடர்ந்த புலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்து, வேட்டை நடக்கிறது என்று எச்சரித்தார். புலிகள் நலமாகவே இருப்பதாக வனத்துறை சொல்லிக்கொண்டிருந்தது. 2009-இல் உண்மை வெளியே வந்தது. பன்னாவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. காவலர்கள் இருந்தார்கள், அலுவலகம் இருந்தது, ஆண்டுதோறும் கணக்கும் எழுதினார்கள். புலி மட்டும் இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இதேபோல நடந்திருந்தது. அப்படியிருந்தும் இங்கே யாரும் விழித்துக்கொள்ளவில்லை.

சரி, அடுத்து என்ன செய்தார்கள்? 2009 மார்ச்சில், அதே மாநிலத்தின் புலிக்காடுகளான பாந்தவ்கரிலிருந்து ஒன்று, கான்ஹாவிலிருந்து ஒன்று என இரண்டு பெண்புலிகளைக் கொண்டுவந்தார்கள். டி-1, டி-2. நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து டி-3 வந்தது. கணக்குக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த ஆண்புலி கிளம்பிவிட்டது.

[காட்சி: பன்னாவிலிருந்து தெற்கே நீளும் சிவப்புக் கோடு]

அது போன திசையைப் பாருங்கள். தெற்கே, பெஞ்ச் இருக்கும் பக்கம். தான் பிறந்து வளர்ந்த காட்டைத் தேடி நடந்திருக்கிறது!

புலிக்குக் காடு என்றால் மரமும் மானும் மட்டும் கிடையாது. மரத்தில் பீய்ச்சிய சிறுநீர், பட்டையில் நகம் கிழித்த தழும்பு, தரையைப் பிராண்டிய தடம், இவைதான் அதற்கு ஊர்ச்செய்தி. இங்கே யார் இருக்கிறார்கள், பெண்புலி இருக்கிறதா, இணைசேரத் தயாரா என்பதையெல்லாம் மோப்பத்தில் படித்துக்கொள்ளும். புலியே இல்லாமல் போன காட்டில் அந்தச் செய்தி மிகவும் குறைவு. இருந்த இரண்டு பெண்புலிகளையும் டி-3 சந்திக்கவே இல்லை.

சுமார் 70 பேரும் நான்கு யானைகளும் அதன் பின்னாலேயே போனார்கள். குழுவை நடத்தியவர் அப்போதைய கள இயக்குநர் ஸ்ரீனிவாச மூர்த்தி. ஒரு மாதம். ஏறத்தாழ 440 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சாகர், தமோ போன்ற மாவட்டங்களில் மனிதர்கள் நெருக்கமாக வாழும் நிலத்தின் வழியாகத்தான் அவ்வளவு தூரமும் போனது. ஒரு மனிதரையும் அது தொடவில்லை. கடைசியில் டிசம்பர் 25-ஆம் தேதி, தமோ பக்கத்துக் காட்டில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். மறுநாள் திரும்பவும் பன்னாவில் விட்டார்கள்.

திரும்பவும் ஓடிவிட்டால்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. போபாலில் உள்ள வன விஹார் பூங்காவிலிருந்து ஒரு பெண்புலியின் சிறுநீரைச் சேகரித்து வந்து, டி-3 உலவும் இடங்களில் தெளித்தார்கள். அந்தப் புலிக்குப் புரிகிற மொழியில் ஒரு சேதி எழுதிவைத்தார்கள், இல்லையா? புலி நின்றது. டி-1-ஐயும் சந்தித்தது.

2010 ஏப்ரல் 16 அன்று டி-1 நான்கு குட்டிகளை ஈன்றது. புலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 105 நாள். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், ஜனவரி முதல் தேதி வரும். பிடித்துக்கொண்டு வந்து விட்ட ஒரே வாரத்தில்! பன்னாவில் இன்றும் ஏப்ரல் 16-ஐப் புலிகளின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

[காட்சி: கேமரா பொறியில் பதிந்த தாயும் குட்டிகளும்]

அதே ஆண்டில் டி-2-வும் குட்டி போட்டது. 2011-இல், கான்ஹாவில் தாயை இழந்து மனிதக் கண்காணிப்பில் வளர்ந்த இரண்டு பெண்புலிகளையும் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இன்று பன்னாவில் 50-க்கும் மேற்பட்ட புலிகள் இருக்கின்றன.

ஆனால் குட்டி பிறந்ததோடு வேலை முடியவில்லை. ரேடியோ காலர் மாட்டிய ஒவ்வொரு புலியின் பின்னாலும் ஒரு குழு இரவு பகலாகச் சுற்றியது. மழையிலும் சரி, ஜூன் மாத வெயிலிலும் சரி. சுருக்குக் கம்பியும் இரும்புப் பொறியும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம், பரம்பரையாக வேட்டையை நம்பி வாழ்ந்த பார்தி சமூகத்துப் பிள்ளைகளுக்கு விடுதியுடன் கூடிய பள்ளிகள் வந்தன. அவர்களில் சிலர் இப்போது பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகள். கால்தடத்தைப் பார்த்து விலங்கைச் சொல்லிவிடும் அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்த அறிவுக்கு ஒரு கௌரவமான சம்பளம் கிடைப்பதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

[காட்சி: வரைபடத்தில் மீண்டும் அந்தச் சிவப்புக் கோடு]

இப்போது இன்னொரு சிக்கல். ஆண்குட்டிகள் வளர்ந்ததும் தாயின் இடத்தை விட்டு வெளியேறித் தனி இடம் தேடும். பன்னாவின் மையப்பகுதி 576 சதுர கிலோமீட்டர் போலத்தான். இடம் போதாது. அதனால் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே நடந்துபோக வழி வேண்டும். 2022-இல் வடக்கே உத்தரப் பிரதேசத்தில் ராணிப்பூர் புலிகள் காப்பகம் வந்தது. 2023-இல் தெற்கே சாகர், தமோ, நரசிங்பூர் மாவட்டங்களில் வீராங்கனை துர்காவதி காப்பகம். டி-3 தன்னந்தனியாக நடந்துபோன அந்த மாவட்டங்களில் இன்று புலிக்கென்றே ஒரு காப்பகம்!

மறுபக்கம், 2024 டிசம்பர் 25 அன்று கேன்-பேத்வா நதி இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தௌதன் என்ற இடத்தில் 77 மீட்டர் உயர அணை, பன்னா காப்பகத்துக்குள்ளேயே. பன்னா இருக்கும் பந்தேல்கண்ட் வட்டாரம் காய்ந்த பூமி. அங்குள்ள மக்களுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நீர்த்தேக்கம் மூழ்கடிக்கப்போவது புலிகள் வாழும் மையக்காட்டின் ஒரு பெரிய துண்டையும், லட்சக்கணக்கான மரங்களையும். சில கிராமங்களும் காலியாகின்றன.

தண்ணீர் ஏறும்போது அங்கே இருக்கும் புலிகள் கிளம்பும். ராணிப்பூர் பக்கம் போகலாம், துர்காவதி பக்கம் போகலாம். போகிற வழியில் காடு விட்டுப்போன இடங்களில் மரம் வளர வேண்டும், சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்கப் பாதை வேண்டும், மாடு பறிகொடுத்தவருக்கு இழப்பீடு அந்த வாரமே கைக்கு வர வேண்டும். இவை அணை நிரம்புவதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலைகள். டி-3-க்குப் பின்னால் 70 பேர் நடந்தார்கள். அடுத்த முறை கிளம்பப்போவது ஒரே ஒரு புலி இல்லை.

[காட்சி: ஆற்று மணலில் புலியின் கால்தடம். திரை இருள்கிறது]