ஒரு கைலி காப்பாற்றிய மாஸ்டர் பெட்ரூம் | காட்பாடி வீட்டு வ்லாக்

வணக்கம் மக்களே! இன்றைக்கு எனக்குக் காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. மாஸ்டர் பெட்ரூம் முடிந்துவிட்டது. "ஹாலைக் காட்டினீங்க, அடுக்களையைக் காட்டினீங்க, அந்த ஒரு கதவை மட்டும் ஏன் மூடியே வைக்கிறீங்க" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அதே கதவு. இதோ திறக்கிறேன்.

முதலில் திரைச்சீலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். தெரிகிறதா, அந்த மெரூன் கட்டம்? அது என்ன என்று அப்புறம் சொல்கிறேன். இன்றைய வீடியோவே அதற்காகத்தான்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்காரருக்கு ரயில் ஓட்டும் வேலை. நடுராத்திரி இரண்டரைக்கு வருவார், சில நாள் காலை ஒன்பதுக்கு வருவார். ஊரே விழித்திருக்கிற நேரத்தில் அவர் தூங்க வேண்டும். ரயில் ஓட்டுகிறவருக்குத் தூக்கம் குறையக் கூடாது. எங்கள் பெட்ரூமோ மேற்குப் பார்த்த அறை. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சுற்றிலும் பாறை மலை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். மத்தியானம் முழுக்க மேற்குச் சுவர் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அதை அறைக்குள்ளே விடும். கையை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்டது மாதிரி இருக்கும்.

அந்தச் சுவரில்தான் நாங்கள் இத்தனை வருஷமாகக் கட்டிலின் தலைமாட்டை ஒட்டி வைத்திருந்தோம்! "உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு" என்று அத்தை எப்போதும் சொல்வார். மேற்கு மத்திமம்தானே, பரவாயில்லை என்று விட்டிருந்தேன். இப்போது கட்டிலைத் திருப்பிக் கிழக்குச் சுவர்ப் பக்கம் தலைமாட்டை வைத்தாயிற்று. பைசா செலவில்லை. நான்கு பேர் பிடித்து நகர்த்தியதோடு சரி. முதல் ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. அத்தைக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, திரைச்சீலைக்கு வருகிறேன். ஜன்னல் 6 அடி அகலம், 4 அடி உயரம். முன்பு ஜன்னல் அகலத்துக்கே அளவெடுத்து மாட்டியிருந்தேன். இழுத்துவிட்டால் தட்டையாக நிற்கும், இரண்டு பக்கமும் வெளிச்சம் கத்தி மாதிரி உள்ளே வரும், நேரே அவர் கண்ணில் விழும். அதனால் இந்தத் தடவை கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் 8 அங்குலம் நீட்டிவிட்டேன். மொத்தம் 88 அங்குலம். துணி அதில் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும், வெளிச்சம் நிற்கும். லாங் பஜாரில் 54 அங்குல அகலக் காட்டன், மீட்டர் 160 ரூபாய், பத்தரை மீட்டர், 1,680 ரூபாய். நான்கு பாகம். உள்பக்கம் லைனிங் தனி. தரைவரைக்கும் இறங்க வேண்டும் என்று கம்பி வரும் இடத்திலிருந்து அளந்து, டெய்லர் அண்ணனிடம் கொடுத்து, தைத்தும் வாங்கியாயிற்று. வளையம் வைத்து, லைனிங் கொடுத்து, அவ்வளவு சுத்தமான தையல்.

அப்புறம்தான் கம்பி மாட்ட எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். ஜன்னலுக்கு மேலே 3 அங்குலத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். ட்ரில்லை வைத்தார். உர்ர்ர் என்று சத்தம்தான் வருகிறது, ஓட்டை இறங்கவில்லை. பிட்டை மாற்றினார், ஒரு நகத்தளவு இறங்கியது, நின்றுவிட்டது. பக்கத்தில் போட்டுப் பார்த்தார், சுவருக்குள்ளே இருக்கிற இரும்புக் கம்பியில் இடித்து நெருப்புப் பொறி. "அக்கா, இது லிண்டல் அக்கா, ஜன்னலுக்கு மேலே 6 அங்குலம் கான்கிரீட், மேலே செங்கலில்தான் போடணும்" என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அங்குலமாக அளந்து தைத்த திரை! கம்பி 9 அங்குலத்துக்குப் போனது, திரையும் கூடவே 6 அங்குலம் மேலே ஏறிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை வளர்ந்துவிட்டால் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்குமே, அப்படி நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். முதலில் கம்பியை மாட்டுங்கள், அப்புறம் அளவெடுங்கள், அப்புறம் தையுங்கள். ஓட்டை எங்கே விழும் என்று சுவர்தான் முடிவு பண்ணும்.

மிச்சத் துணி வாங்கி ஒட்டுக் கொடுக்கலாம் என்று மறுபடி போனால், அதே கலரில் வேறு துணிக்கட்டு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று சாம்பல், ஒன்று சாம்பலில் நீலம். எனக்குக் கிட்டத்தட்ட ஒன்று என்பது பிடிக்கவே பிடிக்காது. ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டுமென்றே வேறாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அலமாரியில் அவருடைய புதுக் கைலி கண்ணில் பட்டது. குடியாத்தம் கைலி, மெரூனில் கறுப்புக் கட்டம், 320 ரூபாய்க்கு வாங்கி இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. கேட்டேன். "எடுத்துக்கோ, எனக்கு இன்னொண்ணு இருக்கு" என்றார். மூட்டிய தையலைப் பிரித்து அளந்தால், நீளம் 2 மீட்டர், அகலம் 48 அங்குலம். அகலத்தை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 12 அங்குலம். அதை இரண்டாக மடித்தால் 6 அங்குலம். எனக்கு வேண்டியதும் 6 அங்குலம், திரையும் நான்கு பாகம்! கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கிட்டே போய்ப் பாருங்கள். இரட்டையாக மடித்துத் தைத்ததால் அடியில் கனம் இருக்கிறது, காற்றடித்தால் திரை பறப்பதில்லை, நேராக விழுகிறது. தையலுக்குப் போனது போக, தரைக்கு மேலே அரை அங்குலம் நிற்கிறது. பெருக்கும்போது துடைப்பத்தில் மாட்டாது. ஒவ்வொரு துண்டிலும் நீளத்தில் மிஞ்சியதைச் சேர்த்துத் தைத்து, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலுக்கு விரிப்பாக்கிவிட்டேன். கரிகிரி மண் கூஜா அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதே, அதேதான். இந்த அறையில் எனக்கு ரொம்பப் பிடித்த மூலை அது.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். வெட்டுவதற்கு முன்னால் கைலியை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பார்த்தேன். 48 அங்குலம் என்றேனே, அது துவைத்துச் சுருங்கிய பிறகு உள்ள அளவு. துவைக்காமல் தைத்திருந்தால் முதல் துவையலிலேயே அடி முழுக்கச் சுருக்கம் விழுந்திருக்கும். இன்னொன்று, 88 அங்குலக் கம்பிக்கு நடுவில் ஒரு தாங்கி கட்டாயம். இல்லையென்றால் தொட்டில் மாதிரி தொங்கிவிடும்.

விளக்கு. தலைக்கு மேலே வெள்ளை டியூப்லைட், 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்), ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. எனக்கு அது ஆகவே ஆகாது. ராத்திரி இரண்டரைக்கு வருகிறவர் அதைப் போட்டால் தூக்கம் எங்கே வரும்? இப்போது கட்டில் பக்கம் தாழ்வாக ஒரு 5 வாட் விளக்கு, 3000 கெல்வின், விளக்கேற்றிய மாதிரி மஞ்சள். பல்பு வாங்கும்போது அட்டையில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் நீலக் கலர் எல்.இ.டி. ஓடவிடச் சொல்லி நிறையப் பேர் கேட்டீர்கள். தூங்குகிற அறையில் நான் அதை வைக்கவே மாட்டேன், மன்னிக்கணும். சுவருக்கு மங்கிய சந்தன நிறம், அவ்வளவுதான்.

மெத்தை அதே இலவம்பஞ்சு மெத்தைதான். பிரித்து, பஞ்சை அடித்து, வெயிலில் போட்டு, புது உறை தைத்தோம். ஃபோம் மெத்தை இந்த ஊர் கோடைக்கு முதுகில் வேர்க்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அதன்மேல் வந்தவாசிக் கோரைப்பாய் ஒன்று. நம் பழைய வட ஆற்காடு சரக்கு, 1989-ல் மாவட்டத்தைப் பிரித்ததில் வந்தவாசி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. பாயில் படுத்தால் முதுகுக்கு அடியில் காற்று ஓடுகிறது. முன்பு ஏசியை 22-ல் வைப்போம், இப்போது 26-ல் வைத்து ஃபேனைப் போட்டால் போதுமாக இருக்கிறது.

பாக்கி ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் திரை வெளிச்சத்தைத்தான் மறைக்கும், சூடு உள்ளேயே தங்கிவிடும். வெளியிலேயே தடுத்தால்தான் சுவரும் கண்ணாடியும் தப்பிக்கும். ஆர்டர் கொடுத்திருக்கிறேன், சித்திரைக்குள் வந்துவிடும்.

மணி ஒன்றே முக்கால். அவர் குளித்துவிட்டு வருகிறார், இனி ஏழு மணிவரை இந்த அறை அவருக்கு. நல்ல உச்சி வெயில், பார்த்துக்கொள்ளுங்கள், திரையை இழுக்கிறேன். இந்தப் பக்கம்... இந்தப் பக்கம்... ஆச்சு. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. சரி, போய்வருகிறேன் மக்களே.