மேல்மாடி காலி

நடுவர் அவர்களே, ஆடித் திருவிழா நெரிசலில் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கும் சேலத்து மக்களே, வணக்கம். நேரம் குறைவு, மணி நடுவர் கையில்.

மனநோயாளிகள் தெருவுக்கு வந்தது மருத்துவமனைகளை மூடியதாலா, வெளியே ஒன்றும் திறக்காததாலா? நான் இரண்டாவது கட்சி. எதிரணிப் பேராசிரியர் அமெரிக்காவைக் கொண்டுவந்து இறக்கினார். அங்கே அரசு மனநல மருத்துவமனைகளில் 1955ல் 5,58,000 பேர், 1994ல் சுமார் 72,000 பேர், மிச்சமெல்லாம் நடைபாதையில் என்றார். ஏராளமான வயசாளிகள் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குப் போனதை விட்டுவிட்டார். சரி, போகட்டும். 1963ல் கென்னடி கையெழுத்துப் போட்ட சட்டம்? ஊர்ப்பக்கமே மனநல மையங்கள் வரும் என்றார்கள். திட்டமிட்டதில் பாதி போல எழும்பவே இல்லை. பழைய வீட்டைக் காலி பண்ணிவிட்டு, புது வீட்டுக்கு வாசக்கால் மட்டும் வைத்தார்கள். நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6, மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் தீப்பிடித்து, சங்கிலியோடு வெந்தவர்கள் 28 பேர். அதன்பின் அந்த இல்லங்களை மூடியது தப்பா ஐயா?

அது கிடக்கட்டும். போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, அதற்குத்தானே கைதட்டல்! "வெளியே விடச் சொல்கிற நண்பர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். அவருக்குத்தான் மேல்மாடி காலியாச்சே!"

தட்டியதில் என் மச்சானும் உண்டு. முன்வரிசை. பார்த்துவிட்டேன்.

ஐயா, என் மேல்மாடியில் ஆள் இருந்தார். என் சித்தப்பா. ஏழு வருஷம் உள்ளே வைத்திருந்து, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதத்துக்கு எங்கே போவது? சீட்டில் இல்லை. மாத்திரை தீர்ந்தது, சித்தப்பா கிளம்பிவிட்டார்.

கண்டுபிடித்த இடம் புது பஸ் ஸ்டாண்டு. ஓமலூர் பஸ்ஸைத் தட்டித் தட்டி, "ஏற்காடு, ஏற்காடு, ஏற்காடேய்!" அசல் கண்டக்டர் குரல். புதுசாய்க் கல்யாணமான ஒரு ஜோடி ஏறி உட்கார்ந்துவிட்டது. நிஜக் கண்டக்டர் வந்து "எங்கே?" என்றால், "கடைசி ஸ்டாப் ரெண்டு!" கிழித்துக் கொடுத்துவிட்டார். கொண்டை ஊசி வளைவு 20ஐயும் எண்ண அந்தப் பொண்ணு ஜன்னலோரம். ஒன்றுகூட வரவில்லை. ஓமலூரில் இறங்கி, "அண்ணே, ஏரி எந்தப் பக்கம்? போட்டு எத்தனை மணிக்கு?" சித்திரை வெயிலில், கழுத்தில் மஃப்ளரோடு! பின்வரிசைக்குக் கேட்டதா? மஃப்ளரோடு!

நாங்களும் ரொம்ப நாள் சிரித்தோம். அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காரும். "ஏன்டா கண்ணு, இந்த ஏற்காட்டு வண்டி நம்ம வீட்டு வழியாப் போகுமா?" சித்தப்பா பதிலே சொல்லமாட்டார். பதினோராம் நாள், "போகும், ஏறும்மா" என்று அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்.

அன்றைக்கே மாடிக் கதவின் வெளித்தாழ்ப்பாளை அப்பாயி கழற்றிவிட்டது. ராத்திரி மாத்திரையும் அதன் கையால்தான். குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் யாரையும் உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். நல்ல சட்டம். அப்பாயி இல்லாதவன் எந்த பஸ்ஸில் ஏறுவான் ஐயா?

மணி அடித்துவிட்டீர்கள். முடித்துவிடுகிறேன். பேராசிரியர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்பாயி முதலில் போனது, போன தையில் சித்தப்பாவும். மேல்மாடி இப்போது காலிதான்.