சுவர் திறந்திருக்கும்போதே கராஜையும் நினையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

நம்முடைய அல்பேர்ட்டா மாகாணத்தின் தலைநகரான எட்மன்ரனின் பழைய குடியிருப்புகளில், 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட வீடுகளை வாங்கியிருக்கும் நம்மவர்கள் கட்டட வேலை செய்பவன் என்ற முறையில் என்னிடம் இரண்டு வேலைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒன்று, வெளிச்சுவரை உரித்துப் புதிய சைடிங், அதாவது சுவரின் வெளிப்பலகை, போடுவது. மற்றது, பின் ஒழுங்கையை ஒட்டி வெப்பமூட்டிய தனிக் கராஜ் கட்டுவது. பணத்தை எண்ணி, இந்த ஆண்டு வீடு, இரண்டு வருடம் கழித்துக் கராஜ் என்று பிரித்துக்கொள்கிறார்கள். கராஜ் கட்டுவதைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை. ஆனால் அதைப் பற்றிய முடிவுகளைத் தள்ளிப்போடக் கூடாது. கராஜுக்கு வேண்டிய மின்சாரமும் எரிவாயுவும் வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. அந்தச் சுவர் திறந்து கிடப்பது சில வாரங்கள்தான்.

கராஜுக்கு வெப்பம் வேண்டுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ரொறொன்ரோவிலிருந்து புதிதாக வந்தவர்கள். இங்கே ஒரு குளிர்காலம் கழிந்தபின் அந்தக் கேள்வி எழுவதில்லை. இந்தச் சமவெளியில் மறை 30 பாகை என்பது ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் நோர்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த அன்ட்ரூ ஃப்ரீமன், ஆண்டு 1949. அன்று முதல் இந்தப் பக்கத்து மக்கள் இரவில் காரை வயரில் கட்டிவைத்தே காலம் கழித்திருக்கிறார்கள். 2024 ஜனவரி 13 இரவை நினைத்துப் பாருங்கள். குளிர் மறை 40ஐ ஒட்டி நின்றது. மாகாணத்தின் மின்சாரம் போதாமல் போகும் நிலை வந்து, எல்லோருடைய கைப்பேசியிலும் அவசர அறிவிப்பு ஒலித்தது. தேவையற்ற விளக்குகளை அணையுங்கள், பிளாக் ஹீட்டரைச் செருகுவதைத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டார்கள். விடியுமுன் மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு அந்த இரவு என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். நன்றாகக் கட்டிய கராஜ், மின்சாரம் போனாலும் பல மணி நேரம் உறைநிலைக்கு மேலேயே இருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். முதலில் செய்ய வேண்டியது உடைப்பதல்ல, பரிசோதிப்பது. 1990க்கு முன் கட்டிய வீட்டின் ஸ்டக்கோ பூச்சிலும் பழைய சுவர்ப் பலகைகளிலும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், இருக்கலாம். கூரைக்குள்ளும் சில வீடுகளில் சுவருக்குள்ளும் வெப்பத்தைக் காக்க, பொன்னிறக் கூழாங்கற்கள்போல் இருக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத்தைக் கொட்டியிருப்பார்கள். வட அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானாவின் லிபி நகரச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தின் கனிமத்தில் கல்நார் கலந்திருந்தது. 1990இல்தான் அதை மூடினார்கள். மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்குப் பெரிய செலவில்லை. நல்வாய்ப்பாக எதுவும் இல்லையென்றால் நிம்மதி. இருந்தால், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து அகற்றும்வரை நீங்களும் பிள்ளைகளும் அதைத் தொடவே கூடாது. வார இறுதியில் நண்பர்களைக் கூட்டிச் சுத்தியலோடு இறங்குவது நம்மிடையே வழக்கம். இந்த ஒரு வேலைக்கு அது வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

சுவரை உரித்ததும் பார்க்க வேண்டியது மின்மானி. அந்தக் காலத்து வீடுகளில் 60 அல்லது 100 அம்பியர் இணைப்புத்தான் இருக்கும். கராஜில் ஒரு ஹீட்டர், ஒரு வெட்டும் இயந்திரம், நாளை ஒரு மின்சாரக் கார் என்று எண்ணினால் அது போதாது. 200 அம்பியருக்கு உயர்த்தும்போது பல வீடுகளில் மானியின் பெட்டியை மாற்றுவார்கள். அந்தப் பெட்டி இருப்பது வெளிச்சுவரில். புதிய சைடிங் போட்டு முடித்த பிறகு அதை மாற்றுவதென்றால், போட்ட பலகையைக் கழற்றி, வெட்டி, மறுபடி பொருத்தி, ஓரங்களை அடைக்க வேண்டும். அப்படி அடைத்த ஓரங்களில்தான் பின்னால் மழைநீர் நுழைகிறது. எரிவாயுக் குழாய் வெளியே வரும் துளைக்கும் இதே விதி. ஆகவே மின்பணியாளரையும், எரிவாயுக் குழாய் பொருத்தும் காஸ் பிட்டரையும் சைடிங்காரருக்கு முன்பே அழைத்துவிடுங்கள். அவர்கள் குழாயையும் வயரையும் வெளியே கொண்டுவந்து மூடி வைக்கட்டும். கராஜ் அடுத்த ஆண்டு வந்தாலும் அது காத்திருக்கும்.

அங்கிருந்து கராஜ்வரை ஓர் அகழி தோண்ட வேண்டும். கனடிய மின் விதிகளின்படி, கவசமில்லாத நிலத்தடி வயர் சாதாரண முற்றத்தில் 600 மில்லிமீட்டர் ஆழத்திலும், வாகனம் ஓடும் இடத்தில் 900 மில்லிமீட்டர் ஆழத்திலும் போக வேண்டும். தோண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே நிலத்தடி இணைப்புகளைக் குறித்துத் தரும் சேவைக்குத் தெரிவியுங்கள்; கட்டணம் இல்லை. வந்து புல்லின் மேல் நிறம் தெளித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, செம்மஞ்சள் தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர். அகழி திறந்திருக்கும்போது வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே போட்டு வையுங்கள். பிற்காலத்தில் எந்த வயர் தேவைப்பட்டாலும் நடைபாதையை உடைக்காமல் அதற்குள் இழுத்துவிடலாம். புதிய நடைபாதையும் புல்லும் இதற்கெல்லாம் பிறகு வர வேண்டியவை.

கராஜின் தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிறகு திருத்தவே முடியாத பகுதி அது ஒன்றுதான்.

எட்மன்ரனின் பெரும்பகுதி பனியுகத்து ஏரி ஒன்றின் அடியில் படிந்த களிமண்மேல் இருக்கிறது. ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். குளிர்காலத்தில் இரண்டு மீட்டர் ஆழம்வரை உறையக்கூடியது. தண்ணீர் உறையும்போது விரிவதால்தான் தளம் தூக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உறையும் மண் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது படலம் படலமாகப் பனிக்கட்டியாகி மேலிருக்கும் எதையும் தூக்குகிறது. இதைத் தடுக்க மூன்று வழி உண்டு: ஈரத்தை விலக்குவது, மண்ணை மாற்றுவது, குளிரை நெருங்கவிடாமல் செய்வது. நல்ல தளத்தில் மூன்றுமே இருக்கும். களிமண்ணை வெட்டி எடுத்துச் சரளை இட்டு இறுக்குவார்கள். கூரை நீரைக் குழாய் வழியே தளத்திலிருந்து தள்ளி விடுவார்கள். தளத்தின் கீழேயும் ஓரத்திலும் கடினமான நுரைப்பலகை வைப்பார்கள். ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, மண்ணுக்குள் படுக்கையாக இரண்டடி அகலத்துக்கு அதே பலகையை நீட்டினால், உறைபனி ஓரத்தின் அடியில் புகாது. ஸ்கண்டிநேவிய நாடுகளில் நெடுங்காலமாகப் பழகிய முறை இது.

கனடாவின் தேசியக் கட்டட விதிகள், 55 சதுர மீட்டருக்குக் குறைவான ஒருமாடித் தனிக் கராஜுக்கு, செங்கல்லால் கட்டாதவரை, ஆழமான அத்திவாரம் கேட்பதில்லை. ஓரம் தடித்த கொங்கிறீட் தளமே போதும். 24 அடிக்கு 24 அடி கராஜ் 53.5 சதுர மீட்டர். அளவு கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். இரண்டு கார் நிற்கும், ஒரு வேலை மேசையும் இருக்கும். கொங்கிறீட் ஊற்றுமுன் முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று, தரைக்குள்ளே சூடான நீர்க்குழாய் வேண்டுமா என்பது. காலடியில் சூடு இருப்பது சுகம், ஈரமும் விரைவில் காயும். ஆனால் தரை சூடேற நேரம் பிடிக்கும். தினமும் அங்கே வேலை செய்பவருக்கே அது பொருந்தும். வார இறுதியில் மட்டும் போகிறவர் அந்தப் பணத்தை இன்சுலேசனில், அதாவது வெப்பத்தடுப்பில், போடுவது நல்லது.

ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள். அதே 24 அடிக் கராஜ், சுவர் உயரம் 9 அடி, வெளியே மறை 30, உள்ளே 10 பாகை. ஆர் என்பது இன்சுலேசன் வெப்பத்தைத் தடுக்கும் அளவு; பி.டி.யு. வெப்பத்தை அளக்கும் அலகு. சுவரில் ஆர்-20, கூரைத்தட்டில் ஆர்-40, நுரை நிரப்பிய கதவு, சுற்றிலும் காற்றுப் புகாத அடைப்பு என்று கட்டினால், இழக்கும் வெப்பம் மணிக்கு ஏறத்தாழ 12,000 பி.டி.யு. வெறும் பலகைச் சுவரும் திறந்த கூரையும் என்றால் அதே குளிரில் 60,000ஐத் தாண்டிவிடும். கடையில் பரவலாகக் கிடைக்கும் 45,000 பி.டி.யு. ஹீட்டர் முதலாவது கராஜில் சிறிது நேரம் ஓடிவிட்டு ஓய்ந்திருக்கும். இரண்டாவதில் இரவு முழுக்க ஓடியும் எட்டாது. 1977இல் பக்கத்து மாகாணத் தலைநகரான ரெஜைனாவில், தடித்த சுவரும் காற்றுப் புகாத கட்டுமானமும் கொண்டு, வீட்டைச் சூடேற்றும் வழக்கமான உலையே இல்லாமல் ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினார்கள். ஐரோப்பாவின் குறைந்த ஆற்றல் வீடுகளுக்கு அது முன்னோடிகளில் ஒன்று. இந்த மண்ணிலேயே பிறந்த அறிவு அது. நம்முடைய கராஜுக்கு ஏன் அதைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும்?

சுவர் அடுக்கில் வரிசை முக்கியம். பொலித்தீன் தாள் சூடான பக்கத்தில், அதாவது உட்பக்கத்தில், இன்சுலேசனுக்கும் உட்பலகைக்கும் இடையில் வர வேண்டும். காரிலிருந்து உருகும் பனி உள்ளே ஈரத்தை நிரப்புகிறது. அந்த ஈரம் சுவருக்குள் போனால் மரம் அழுகும். வீட்டுச் சுவரின் வெளியே கூடுதல் இன்சுலேசன் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: உள்ளே ஏற்கெனவே பொலித்தீன் இருந்தால், வெளியே ஈரத்தைக் கடத்தக்கூடிய கற்பஞ்சுப் பலகையைத்தான் நான் விரும்புவேன். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் நடுவில் சிக்கிய ஈரத்துக்கு வெளியேற வழி கிடையாது. சைடிங்கை வீட்டுக்கும் கராஜுக்கும் சேர்த்து ஒரே தொகுதியாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வரும் அதே நிறம் வெயிலில் வேறு நிறமாகத் தெரியும்.

ஹீட்டரைப் பொறுத்தவரை, அல்பேர்ட்டாவில் ஓட்டும் செலவு எரிவாயுவில்தான் குறைவு. வெளியிலிருந்தே காற்றை எடுத்து, வெளியிலேயே புகையை விடும் மூடிய எரியறை உள்ளதாக வாங்குங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் தீப்பொறி உண்டாக்கும் எதுவும் தரையிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் தொங்கவிட்டால் அந்தக் கவலை இல்லை. எரிவாயு வேண்டாம் என்பவர்களுக்கு 5 கிலோவாட் மின்ஹீட்டர், 240 வோல்ட், 30 அம்பியர் தனி இணைப்பு. மேலே சொன்னபடி கட்டிய கராஜுக்கு அது போதும். வெப்பநிலையை 5 பாகையில் வைத்துவிட்டு, வேலை செய்யும்போது மட்டும் கூட்டுங்கள். வீதியில் தூவும் உப்பு காரில் ஒட்டியிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது இரும்பை வேகமாக அரிக்கும். தரையைக் கதவுப் பக்கம் சற்றுச் சரிவாக அமைத்து, உருகிய சேற்று நீரைத் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது, நம்முடைய வீடுகளைப் பற்றிய ஒன்று. மீன் பொரிப்பதும், பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி வைப்பதும், விருந்து நாளில் வடை சுடுவதும் கராஜில்தான். வீட்டுக்குள் மணம் பிடிக்காது என்று புரொப்பேன் அடுப்பைக் கராஜுக்குக் கொண்டுபோகிறோம். பழைய, ஓட்டையும் விரிசலுமான கராஜில் காற்று ஓடியதால் தப்பியிருக்கிறோம். நான் இவ்வளவு நேரம் சொன்னபடி காற்றுப் புகாமல் கட்டிய கராஜில், கதவை மூடிக்கொண்டு அதே அடுப்பை மூட்டினால் கார்பன் மொனொக்சைட் தேங்கும். நிறமில்லை, மணமில்லை, தலை கனக்கும்போது எழுந்து கதவைத் திறக்கவும் தெம்பு இராது. காரை உள்ளே ஓடவிட்டுச் சூடேற்றுவதும் அப்படித்தான். வெப்பமான கராஜில் அதற்குத் தேவையே இல்லை. அம்மாவோ மாமியோ அங்கே சமைக்கத்தான் போகிறார் என்றால் அதை ஒளிக்காமல் திட்டத்திலேயே சொல்லுங்கள். மின் அடுப்புக்கு ஓர் இணைப்பு, அதன் மேலே புகையை வெளியேற்றும் விசிறி, சுவரில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி, இவற்றைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் சேர்த்துவிடலாம். புரொப்பேன் சிலிண்டர் எப்போதும் வெளியில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு வேலையையும் ஒரே ஆண்டில் செய்பவர்களுக்குக் காலக் கணக்கு இது. அனுமதி விண்ணப்பத்தைப் பனிக்காலம் முடியுமுன்பே நகரசபையில் கொடுத்துவிடுங்கள். கட்டடம், மின்சாரம், எரிவாயு ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் கட்டலாம், அந்தப் பக்கச் சுவரில் யன்னல் வைக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டு எழுத்தில் பெறுங்கள். நிலத்தின் உறைவு இறங்கியதும், மே மாதத்தில், அகழியும் தளமும். ஜூனில் சட்டகமும் கூரையும். வீட்டுச் சைடிங்கும் கராஜ் சைடிங்கும் ஒரே குழுவால் ஓகஸ்டுக்குள். காஸ் பிட்டரைக் கோடையிலேயே பதிவு செய்யுங்கள். ஒக்ரோபர் வந்துவிட்டால் ஊரிலுள்ள உலைகளெல்லாம் அவரைத்தான் அழைக்கும். இறுதிப் பரிசோதகர் வரும் நாளில் வீட்டில் இருந்து, அவர் எழுதித் தரும் தாளை வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கக்கூடிய தாள் அது.

நன்றி, வணக்கம்.