10,000 புழு, 2 மணி நேரம், ஒரு முழு பீட்சா: மிச்சச் சோறு கோழித் தீனியாகும் விதம்

[காட்சி: மூடி திறந்த கம்போஸ்ட் தொட்டி, உள்ளே நெளியும் புழுக்கள்]

வீட்டில் கம்போஸ்ட் போடுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள். ஒரு நாள் மூடியைத் திறந்தால் உள்ளே கொழுகொழுவென்று நூற்றுக்கணக்கில் புழு. பயந்துபோய்ச் சுண்ணாம்பைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். தொட்டியையே குப்பை வண்டியில் கவிழ்த்தவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உடம்பு பட்டையாக, வரிவரியாக, வெளிர்ப் பழுப்பு நிறத்தில் இருந்தால் அது அநேகமாக பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பி.எஸ்.எஃப். புழு என்பார்கள். நீங்கள் கொட்டப் பார்ப்பதை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

சரி, தலைப்பில் சொன்ன பீட்சாவுக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 10,000 புழுக்கள் சேர்ந்தால் 16 அங்குல பீட்சாவை 2 மணி நேரத்தில் காலி செய்துவிடும். இந்த வேகத்தைவிட அது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு புழு விடாமல் தின்பதில்லை. ஐந்து நிமிடம் போலத் தின்னும், அப்புறம் சும்மா கிடக்கும், மறுபடி தின்னும். சும்மா கிடக்கிற புழு உணவுக்குப் பக்கத்திலேயே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவை என்ன செய்யும்?

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பாயசம் முடிந்துவிட்டது, மோரும் முடிந்துவிட்டது, உட்கார்ந்தவர் பக்கத்து இலைக்காரரோடு பேசிக்கொண்டே இருக்கிறார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் பின்னாலேயே நிற்கிறார். எல்லா இலையிலும் இப்படியென்றால் சமையல்கட்டில் சோறு அப்படியே கிடக்கும். புழுக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பசியோடு வருபவை அடிமட்டத்தில் ஊர்ந்து உணவை நோக்கி முட்டுகின்றன. அந்தத் தள்ளலில், தின்று முடித்து ஓய்வெடுப்பவை மேலே கிளம்புகின்றன. மேலே வந்தவை மற்றவற்றின் முதுகு மேலேயே வெளிப்பக்கமாக வழிந்து போய்விடுகின்றன. அடியில் வந்து, நடுவில் எழும்பி, ஓரத்தில் விழுகிறது கூட்டம். ஆய்வாளர்களே இதற்கு நீரூற்று என்றுதான் பெயர் வைத்தார்கள். பந்தி விசாரிக்க ஒருவர்கூட இல்லாமல் 10,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. இந்த ஓட்டத்தின் வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

[காட்சி: பெட்டிக்குப் பக்கத்தில் மைக்]

காது கொடுத்துக் கேளுங்கள். உலை கொதி அடங்கும்போது வருகிற அந்த மெல்லிய சத்தம். அது முழுக்கப் புழுக்கள் தின்கிற ஓசை. கையை மேலே நீட்டினால் சூடும் தெரியும்.

பூர்வீகம் ஒரு வரியில்: அமெரிக்கக் கண்டத்து ஈ, 1758-ல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதற்கும் பெயர் வைத்தார், இன்று வெப்ப நாடுகள் எங்கும் இருக்கிறது. வளர்ந்த ஈ கடிக்காது, கொட்டாது, நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. ஒரு வாரம், பத்து நாள்தான் வாழ்க்கை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே அந்த நாட்களை ஓட்டிவிடும். சுமார் 500 முட்டைகளைக் கழிவுக்குப் பக்கத்தில் உலர்ந்த இடுக்கு பார்த்து வைக்கும். அதனால்தான் வளர்ப்பவர்கள் அட்டைப்பெட்டியின் நெளிவுத் துளைகளை அங்கே வைக்கிறார்கள். இன்னொரு நல்ல விஷயம், இந்தப் புழுக்கள் நிறைந்த கழிவில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைந்துவிடுகிறது.

எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும்? சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனம் இந்தோனேசியாவில் வேலை பார்த்து 2017-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன் கணக்கு எளிது. ஒரு பெட்டியில் ஐந்து நாள் வயதுப் புழுக்கள் 10,000. அவற்றுக்கு 12 நாட்களில் மொத்தம் 15 கிலோ ஈரக்கழிவு. முடிவில் கழிவின் எடை 80 சதவீதம் வரை குறைகிறது, 3 கிலோ அளவுக்குப் புழு கிடைக்கிறது. அடியில் மிஞ்சுவது உரம். இரண்டு வாரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

அந்தப் புழுவைக் காய வைத்தால் அதில் 40 சதவீதம் போலப் புரதம், 30 சதவீதம் போலக் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் எது அதிகம் தெரியுமா? லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் முதலிடத்தில் இருக்கிற அதே அமிலம்! அழுகின தக்காளியும் பழைய சோறும் தின்ற புழு தன் உடம்பில் தேங்காய் எண்ணெய் மாதிரி ஒன்றைச் சேர்த்து வைக்கிறது. படித்தபோது எழுந்து போய் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

அறுவடையும் அதுவே செய்துகொள்ளும். முற்றின புழு கறுத்துவிடும், தின்பதை நிறுத்திவிடும். அதன் வாய் ஒரு கொக்கி மாதிரி மாறிவிடும். அந்தக் கொக்கியைக் குத்தி இழுத்துக்கொண்டே, கூட்டுப்புழுவாக மாற உலர்ந்த இடம் தேடி மேடேறும். தொட்டியில் சாய்வாக ஒரு பலகை வைத்து, அது முடியும் இடத்தில் வாளியைத் தொங்க விட்டால் போதும். இரவு முழுக்க ஏறி ஏறி வாளியில் விழும். காலையில் நீங்கள் வாளியை எடுத்துக்கொண்டு போக, கோழிகள் உங்கள் காலைச் சுற்றும். பெரிய பண்ணைகள் இதுவரை காத்திருப்பதில்லை, தோல் தடிப்பதற்கு முன்பே சலித்து எடுத்துவிடுவார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு தேவை? இன்று மீன் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் புரதம் பெரும்பாலும் சோயாவிலிருந்தும் மீன்தூளிலிருந்தும் வருகிறது. மீன்தூளுக்கு உலகம் பெரிதும் பெரு நாட்டு நெத்திலியை நம்பியிருக்கிறது. 2023-ல் கடலில் குஞ்சு மீன்களே அதிகம் என்று அங்கே முதல் பருவ மீன்பிடிப்பையே ரத்து செய்துவிட்டார்கள். அதே சமயம் ஐ.நா. கணக்குப்படி 2022-ல் மட்டும் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் மீன் தீவனத்திலும் 2021-ல் கோழி, பன்றித் தீவனத்திலும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. ஆனால் ஓட்டல், வீட்டுச் சமையலறைக் கழிவைத் தின்ற புழுவுக்கு அங்கே இன்னும் அனுமதி இல்லை. மாட்டுக்கே மாட்டுக் கழிவைத் தீனியாகப் போட்டதில் பரவிய பைத்திய மாட்டு நோய்க்குப் பிறகு வந்த கடுமை அது. அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். கழிவில் காட்மியம் போன்ற கன உலோகம் இருந்தால் அது புழுவின் உடம்பிலும் சேரும். அதனால் கோழிக்குப் போகிற புழுவுக்கு காய்கறிக் கழிவே நல்லது என்பது என் கருத்து. கோழிக்கடைக் கழிவைத் தின்ற புழுவைத் திரும்பக் கோழிக்கே போடக் கூடாது.

உண்மையில் கஷ்டமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் ஓட்டலில் கேட்டு ஒரு வாளி மிச்சம் வாங்கி வந்தேன். சோற்றுக்குள் சட்னி கட்டின பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட், பல்குச்சி. மேலே சாம்பாரும் ரசமும் தளும்பத் தளும்ப. பொறுக்கி எடுக்கவே முக்கால் மணி நேரம். அந்த ஈரத்தோடு போட்டேன். காலையில் பார்த்தால் நனைந்த சுவரைப் பிடித்து ஏறிப் பாதிப் புழு தரை முழுக்க. அப்புறம் தவிடும் தென்னை நார்த்தூளும் கலந்து, கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வருகிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கின.

மறுநாள் அந்த ஓட்டல் சமையல்கட்டில் இரண்டு வாளிகளைக் கொண்டுபோய் வைத்தேன். மாஸ்டரிடம் "அண்ணே, தோலும் காம்பும் மட்டும் பச்சை வாளியில் போடச் சொல்லுங்க" என்றேன். ஒரு வாரம் கலந்தே வந்தது. இரண்டாவது வாரம் பச்சை வாளியில் ஒரு கவர்கூட இல்லை. உங்கள் தெருவிலும் ஓர் ஓட்டலோ காய்கறிக் கடையோ இருக்கும். அங்கே ஒரு வாளி வைத்துப் பாருங்கள், முதல் வாரம் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். சாய்பலகைத் தொட்டி செய்கிற அளவுகளோடு அடுத்த வீடியோவில் வருகிறேன்.