பாரிஸ் வரைபடத்தில் லாச்சப்பல் எங்கே?

[திரையில்: லா ஷப்பெல் மெட்ரோ நிலையம், தமிழ்ப் பெயர்ப்பலகைகள்]

பாரிஸில் தமிழ்க் கடைத்தெரு எது என்று யாரைக் கேட்டாலும் லாச்சப்பல் என்பார்கள். ஆனால் அரசு வரைபடத்தில் லா ஷப்பெல் (நம் வாயில் லாச்சப்பல்) என்ற கார்த்தியேயை, அதாவது வட்டாரத்தின் உட்பிரிவைத் தேடினால், கடைகள் வரிசையாக நிற்கும் ஃபோபூர் சேன் தெனி வீதி அதற்குள் இல்லை.

பாரிஸில் 20 வட்டாரங்கள். வட்டாரத்துக்கு 4 கார்த்தியே, ஆக மொத்தம் 80. லா ஷப்பெல் 72ஆம் எண், 18ஆம் வட்டாரம். நம் கடைத்தெருவோ 10ஆம் வட்டாரம், 37ஆம் எண். இரண்டுக்கும் குறுக்கே இருப்பது லா ஷப்பெல் புல்வார் என்ற அகன்ற சாலை. அதன் மேலே பாலத்தில் மெட்ரோ ஓடுகிறது. ஒருகாலத்தில் அங்கே சுங்க மதில் நின்றது. பாரிஸ் அதோடு முடிந்தது, மதிலுக்கு அப்பால் லா ஷப்பெல் தனி ஊர். மாணிக்க விநாயகர் கோயில் இருப்பது அந்தப் பக்கம்தான்.

[திரையில்: நத்தைக்கூடு போலச் சுழலும் வட்டார எண்கள்]

1860இல் சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்துக்கொண்டதும் 12 வட்டாரங்கள் 20 ஆயின. அங்கேதான் வேடிக்கை. அதுவரை 13ஆம் வட்டாரமே கிடையாது. அதனால் தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவர்களை, ‘13ஆம் வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்’ என்று கிண்டல் செய்வார்கள். புதுத் திட்டத்தில் அந்த எண் போய் விழுந்தது மேற்கே, பணக்காரர்கள் வாழும் பாஸ்ஸியில்! அவர்கள் சும்மா இருப்பார்களா? கடைசியில் எண்கள் நடுவிலிருந்து சுழன்று வருமாறு மாற்றப்பட்டன. பாஸ்ஸிக்கு 16 கிடைத்தது, 13 தென்கிழக்குக்குப் போனது.

சரி, இந்த 80 பிரிவுகளை யார் பயன்படுத்துகிறார்கள்? வீட்டு விலையைக் கணக்கிடும் நோத்தேர்கள் (சொத்துப் பத்திரம் எழுதுபவர்கள்), புள்ளிவிவரம் எடுப்பவர்கள். ‘நான் 37ஆம் கார்த்தியேகாரன்’ என்று எவரும் சொல்லிக்கொள்வதில்லை. எல்லோர் வாயிலும் வரும் மரே என்ற பகுதி அந்த 80இல் இல்லவே இல்லை. அது 3, 4ஆம் வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது. பெல்வில் மெட்ரோ வாசலிலோ நான்கு வட்டாரங்கள் சந்திக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்களுக்கு அது பெல்வில்தான்.

அப்புறம், 2002 சட்டப்படி 80,000 பேருக்கு மேல் வாழும் பிரெஞ்சு நகரங்கள் கார்த்தியே மன்றங்கள் அமைத்தாக வேண்டும். பாரிஸும் அமைத்தது, ஆனால் பழைய 80 கோடுகளை அப்படியே பின்பற்றாமல், புதிதாக எல்லை வரைந்துகொண்டது. ஆக, ஒரே தெருவுக்கு மூன்று விதமான கார்த்தியே: வரைபடத்தில் ஒன்று, மக்கள் வாயில் ஒன்று, மன்றத்துக்கு ஒன்று!

2020இல் முதல் நான்கு வட்டாரங்களை ஒரே மேரியின் (நகராட்சி அலுவலகத்தின்) கீழ் கொண்டுவந்து ‘பாரிஸ் சாந்த்ர்’ என்று பெயர் வைத்தார்கள். தபால் எண்ணிலும் தெருப்பலகையிலும் மட்டும் கைவைக்கவில்லை. மேயர் ஒருவர்தான், முகவரியில் இன்னும் 1, 2, 3, 4.